வேலை கேட்டால் கடன் தருகிறார்கள்

வேலை போன பெண்ணிடம் நம் ஊரில் யாரும், "கணக்கு முடித்துக் கொடுத்தார்களா?" என்று கேட்பதில்லை. "அடுத்த வேலை எங்கே தேடப் போகிறாய்?" என்றும் கேட்பதில்லை. "சும்மா ஊட்ல இருக்கறதுக்கு எதனா சொந்தமா ஆரம்பிக்கலாம் இல்லம்மா" என்கிறார்கள். கொழுந்தனார் சொல்கிறார். மகளிர் குழுத் தலைவி சொல்கிறார். கடன் கொடுக்கிற கம்பெனியின் பையன் பைக்கில் வந்து சொல்கிறான். அதே தெருவில் வேலை போன ஆணுக்குக் கிடைக்கும் அறிவுரை வேறு: திருப்பூர் போ, பெங்களூர் போ, ஏஜென்டைப் பிடித்துச் சிங்கப்பூர் போ. ஆணின் வேலை போனால் ஊர் அவனுக்கு வெளியே போகும் வழியைக் காட்டுகிறது. பெண்ணின் வேலை போனால் உள்ளே போகும் வழியைக் காட்டுகிறது. அதற்குச் 'சுயதொழில்' என்று பெயர் வைத்து, கூடவே ஒரு கடன் விண்ணப்பத்தையும் நீட்டுகிறது.

இந்த அறிவுரையைத்தான் இக்கட்டுரை எதிர்க்கிறது. பெண்கள் கடை வைப்பதையோ வியாபாரம் செய்வதையோ எதிர்க்கவில்லை. வேலையைப் பறித்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை, பறிகொடுத்தவளின் அடுப்படிக்குத் திருப்பி விடுகிற தந்திரத்தை எதிர்க்கிறேன்.

நைனார்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் வட்டம். மக்காச்சோளமும் பருத்தியும் மரவள்ளியும் கரும்பும் விளைகிற பூமி. வடமேற்கில் கல்வராயன் மலை. இந்தப் பக்கத்தில் படித்த பெண்ணுக்கு இருக்கும் சம்பள வேலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தனியார் பள்ளி ஆசிரியை, ஜவுளிக்கடையில் சேல்ஸ், மருந்துக்கடை, ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தக் கணினி இயக்குநர். இவை வேண்டாமென்றால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளின் விடுதியில் ஓர் இரும்புக் கட்டில்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது தமிழ்நாடு முழுக்கத் தனியார் பள்ளி ஆசிரியைகளில் பலருக்குச் சம்பளம் பாதியானது. பலருக்கு நின்றே போனது. பி.எட். முடித்த பெண்கள் இட்லி மாவு அரைத்தார்கள், நைட்டி விற்றார்கள், மசாலாப் பொடி பாக்கெட் போட்டார்கள், நூறு நாள் வேலைக்குப் போனார்கள். ஊடகங்கள் அவர்களைத் 'தன்னம்பிக்கைப் பெண்கள்' என்று கொண்டாடின. மாவு வாளியோடு படம் போட்டார்கள். சம்பளத்தை நிறுத்திய நிர்வாகங்களின் படத்தை எவரும் போடவில்லை.

அந்த ஆசிரியைக்குப் போனது சம்பளம் மட்டும்தானா? காலை எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் உரிமை போனது. அந்த நேரத்தில் மாமியாருக்கு ஒரு டம்ளர் காபி குறைந்தாலும், "டீச்சர் வேலைக்குப் போவணும்" என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது, அது போனது. ஆசிரியர் அறை போனது, அங்கே மட்டும் வாய்விட்டுப் பேசிய தோழிகள் போனார்கள். தெருவில் 'டீச்சர்' என்றவர்கள் 'மாவுக்காரம்மா' என்றார்கள். மாவு விற்பது இழிவல்ல. ஆனால் ஒரு பெண் பதினைந்து வருடம் படித்துச் சேர்த்த பெயரை ஒரே மாதத்தில் அழித்துவிட்டு, இதோ உனக்கு இன்னொரு பெயர் என்று கொடுப்பதை விடுதலை என்று எப்படிச் சொல்வது?

சட்டம் அவளுக்கு என்ன தருகிறது? ஆலைத் தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போடு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் சொன்னது. ஆசிரியைக்கு அது கிடையாது. கோவாவில் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஆசிரியை சுந்தராம்பாள் தொடர்ந்த வழக்கில், 1988இல் உச்சநீதிமன்றம் ஆசிரியர்கள் அந்தச் சட்டத்தின்படி 'தொழிலாளர்' ஆக மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. கற்பித்தல் ஓர் உன்னதப் பணியாம். பெண்ணுக்குக் கூலி தர வேண்டிய இடத்தில் எல்லாம் இந்த 'உன்னதம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. தாய்மை உன்னதம், சமையல் உன்னதம், செவிலியம் உன்னதம், கற்பித்தல் உன்னதம். உன்னதத்துக்கு நோட்டீஸ் சம்பளம் இல்லை.

பள்ளியை விட்டு ஆலைக்கு வருவோம். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள், வட மாவட்டக் கிராமங்களிலிருந்து போனவர்கள் நிறையப் பேர். குடும்பத்தில் முதன்முதலாக வங்கிக் கணக்கில் சம்பளம் வாங்கிய பெண்கள் அவர்கள். 2014இல் நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. வரித் தகராற்றில் சிக்கியிருந்த இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வயதில் 'விருப்ப ஓய்வு' பெற்ற பெண்கள் கையில் ஒரு தொகையோடு ஊர் திரும்பினார்கள். அந்தத் தொகை அண்ணன் கடனுக்கும் தன் கல்யாணத்துக்கும் போன வீடுகள் எத்தனை என்று யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை.

அதே நோக்கியா 2011 முதல் தன் சொந்த நாடான பின்லாந்தில் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து அனுப்பியது. அப்போது தொழில் தொடங்க விரும்பியவர்களுக்கு ஆளுக்கு 25,000 யூரோ வரை நிறுவனமே கொடுத்தது. கடனாக இல்லை, கொடையாக. அதற்குக் கீழே அந்நாட்டு அரசின் வேலையிழப்பு உதவித்தொகை இருந்தது. தொழில் தோற்றாலும் அடுப்பு எரியும். விழுந்தால் தாங்க ஒரு தரை இருக்கிறவர்களுக்குத்தான் 'துணிந்து இறங்கு' என்ற அறிவுரை பொருந்தும்.

நம் தரை எப்படி இருக்கிறது? தமிழ்நாடு அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 400. அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தவர்களுக்கு. வேலையை இழந்தவர்களுக்கென்று தீட்டப்பட்ட திட்டம் இல்லை அது. இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவருக்கு அடல் பெயரிலான திட்டத்தில் சராசரிச் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை. நைனார்பாளையத்து ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அந்த அட்டையைக் கண்ணில் காட்டியவர் யார்?

தரையைப் போட மறுக்கிற அரசும் சமூகமும் அதற்குப் பதிலாக அவளிடம் ஒரு கருவியைக் கொடுக்கின்றன. இது புதிய பழக்கம் இல்லை. ஆண் துணையற்ற பெண்கள் நூற்ற நுண்ணிய நூலை மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக்குகிறது நற்றிணை. இரவில் எழுந்து சின்ன விளக்கொளியில் பஞ்சின் குப்பையைப் புடைக்கும் பருத்திப் பெண்ணைப் புறநானூறு காட்டுகிறது. வகுப்பில் இவற்றை உவமை நயத்துக்காகவும் காட்சி நயத்துக்காகவும் நடத்திவிட்டுக் கடந்துபோகிறோம். நான் என் மாணவிகளிடம் வேறொன்றைக் கேட்கச் சொல்கிறேன்: பாதுகாப்பு இழந்த பெண்ணுக்கு ஏன் எப்போதும் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற, இரவிலும் தொடர்கிற, நூல் இழை போல மெலிந்த கூலி தருகிற வேலையே வாய்க்கிறது? அன்று கதிர். பிறகு ராட்டை. இன்று சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் அரசு தருகிற இலவசத் தையல் மிஷின். அமைச்சராக இருந்து அதிகாரத்தில் பங்கு கேட்ட ஒரு தலித் தலைவியின் பெயரை, பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைக்கும் கருவிக்குச் சூட்டியிருப்பதன் முரணை யோசித்துப் பாருங்கள். மிஷின் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே தெருவில் ஆறு மிஷின் இருந்தால் ஆறு பேரும் ஒரே ஜாக்கெட்டுக்குத்தான் போட்டி போட வேண்டும் என்பதைத் திட்டம் தீட்டுகிறவர்கள் ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்று கேட்கிறேன்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. 'இட்லி மாவில் லட்சங்கள்' என்று பேசுகிறவர்கள் ஒருமுறை என்னோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடட்டும். ஒரு நாளைக்கு 20 கிலோ மாவு. அதற்கு இட்லி அரிசி 8 கிலோ, கிலோ 40 என்றால் 320 ரூபாய். உளுந்து 2 கிலோ, கிலோ 130 என்றால் 260. வெந்தயம், உப்பு, கரண்ட், பிளாஸ்டிக் கவர் எல்லாம் சேர்த்து 60. ஆக 640. ஊரில் கிலோ 40 ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டார்கள். 20 கிலோவும் விற்றால் 800. கையில் நிற்பது 160. ஒரு நாள் விடாமல் விற்றால் மாதம் 4,800. கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் வாங்க 40,000 ரூபாய் நுண்கடன், ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி, குறையும் நிலுவையில், இரண்டு வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 2,115. மிச்சம் 2,685. நாளுக்கு 90 ரூபாய்க்கும் குறைவு. புளித்துப்போன மாவு, "நாளைக்குத் தரேம்மா" என்று போன சித்தி, திருவிழாவுக்கு மூடிய நாள் எதையும் நான் கழிக்கவில்லை. ஊற வைத்து, கழுவி, அரைத்து, அள்ளி, விற்று, பாத்திரம் தேய்க்கும் ஆறு மணி நேரத்துக்குக் கூலியும் போடவில்லை. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள்கூலி 336 ரூபாய். வெயிலில் மண் வெட்டும் கூலியில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத ஒன்றுக்கு 'தொழில்முனைவோர்' என்று பட்டம்.

கடன் கொடுத்தவருக்கு இந்தக் கணக்கில் நட்டமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஈட்டின்றிக் கொடுத்தோம் என்கிறார்கள். ஈடு இருக்கிறது. அவளுடைய மானம்தான் ஈடு. தவணை தவறினால் குழுவின் மற்றப் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அண்டை வீட்டார் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து தாலிக்கொடியும் அடகுக்குப் போகும். 2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிவரை கடன் தவணைக்குப் போகலாம். பாதி! 2025இல் கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டிவந்தது. பெண்களை உயர்த்தும் என்று சொல்லப்பட்ட கடனிலிருந்து பெண்களைக் காக்க ஒரு சட்டம் தேவைப்பட்டதே, அந்தக் கடனைப் பற்றி இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

இதையெல்லாம் மீறி, நாட்டின் புள்ளிவிவரம் பெருமை பேசுகிறது. ஒன்றிய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2017-18இல் வேலை செய்யும் பெண்களில் 51.9 விழுக்காட்டினர் சுயதொழிலில் இருந்தார்கள், 2023-24இல் 67.4 விழுக்காடு. மாதச் சம்பள வேலையில் இருந்தவர்கள் 21 விழுக்காட்டிலிருந்து 15.9ஆகக் குறைந்தார்கள். பெண்கள் தொழிலில் இறங்கிவிட்டார்கள் என்று மேடையில் கைதட்டுகிறார்கள். அந்த 67.4க்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். 36.7 பேர் 'குடும்பத் தொழிலில் உதவியாளர்'. அதாவது கணவன் கடையில், மாமனார் காட்டில், கூலி ஏதும் பெறாமல் உழைப்பவர்கள். பருத்திக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்துவிட்டு ஒரு ரூபாயும் தன் பெயரில் பார்க்காத பெண், அரசின் அட்டவணையில் சுயதொழில் செய்கிறாள். 'சுய' என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை நான் தமிழில் கண்டதில்லை.

இந்தத் தந்திரம் தலைநகரில் பட்டப்பகலில் நடந்ததையும் பார்த்தோம். சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி தனியாரிடம் போனபோது, அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்த தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தலித்துகள். கேட்டது ஒன்றுதான்: செய்துகொண்டிருந்த வேலையை மாநகராட்சியின் கீழேயே கொடு. பதின்மூன்றாம் நாள் இரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு நலத்திட்டங்களை அறிவித்தது. காலை உணவு, காப்பீடு, வீடு ஆகியவற்றோடு, தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் சுயதொழில் தொடங்க 3.5 லட்சம் ரூபாய் வரை மானியம். ஒவ்வொன்றும் தேவையானதுதான். ஆனால் வேலையைக் கேட்டவளிடம் 'நீ ஏன் ஒரு தொழில் தொடங்கக் கூடாது?' என்பது பதிலாகுமா? நைனார்பாளையத்துக் கொழுந்தனார் வாயில் வந்த அதே வாக்கியம் கோட்டையின் அறிவிப்பிலும் வந்தது. வேலை என்பது உரிமை. தொழில் என்பது அவளுடைய சாமர்த்தியம். முன்னதில் அரசு பதில் சொல்ல வேண்டும். பின்னதில் அவள் தோற்றால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"அப்படியானால் சொந்தக் காலில் நிற்க வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர்மகள் வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோர் விற்றுத் தானியம் வாங்கிச் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்க மறுத்து, எருமையும் பசுவும் கன்றுமாக வாங்குகிறாள். லாபத்தைத் திரும்ப முதலாக்கும் இந்த அறிவைச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு எந்த மூன்று நாள் பயிற்சி முகாமும் தேவைப்படவில்லை. தமிழ்ப் பெண்ணுக்கு வியாபாரம் தெரியாது என்பவர்கள் தமிழையே படிக்காதவர்கள். அவளிடம் மந்தை இருந்தது; சேரிதோறும் நடந்து விற்கத் தடையற்ற வழி இருந்தது; விலையைத் தீர்மானிக்கும் வாய் இருந்தது. வேலை இழந்த பெண்ணுக்கு இந்த மூன்றும் இல்லாமல் பட்டத்தை மட்டும் கொடுக்கிறார்கள்.

வழி என்பது சாதாரணமான விஷயமில்லை. 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை, மீன் நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அங்கேயே நின்று நியாயம் கேட்டார். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். வாழ்நாள் முழுக்கச் சொந்தக் காலில் நின்ற அவருக்குப் பேருந்தில் நிற்க இடமில்லை. அதே ஆண்டு மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு மிச்சமான முப்பது நாற்பது ரூபாய், எந்த முத்ரா கடனையும்விடப் பெரிய முதல். அதற்கு வட்டி இல்லை, தவணை இல்லை, வாசலில் வந்து நிற்க ஆள் இல்லை. அந்தத் திட்டத்தை யாரும் 'தொழில்முனைவு' என்று அழைக்கவில்லை. அதனால்தான் அது வேலை செய்தது போலும். கல்வராயன் மலையில் சாமையும் புளியும் கடுக்காயும் சுமந்து இறங்குகிற மலையாளிப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். அவளுக்குக் குறையாக இருப்பது தன்னம்பிக்கையா, பேருந்தா?

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். வேலையை விட்டு அனுப்புகிற எந்த நிர்வாகமும், பள்ளியோ கடையோ கம்பெனியோ, எழுத்து மூலம் காரணமும் முன்னறிவிப்பும் ஆண்டுக் கணக்கில் இழப்பீடும் தர வேண்டும். ஆசிரியையும் தொழிலாளிதான் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். வேலை இழந்தவளுக்கு ஆறு மாதமாவது வாழப் போதுமான உதவித்தொகை, வேறு வேலை தேடும் அவகாசம் வேண்டும். அதற்குப் பிறகும் அவள் தொழில்தான் செய்ய விரும்பினால், முதல் பணம் கொடையாக வரட்டும். இன்று பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப் பெண்ணுக்கு 35 விழுக்காடு மானியம் என்கிறார்கள். அது மூன்று ஆண்டுகள் வங்கியில் பூட்டிக் கிடக்கும், அதுவரை தவணையை அவள் கட்ட வேண்டும். வாரச்சந்தையில் கூரையுள்ள இடம், கழிப்பறை, குழந்தையை விட ஒரு பாலவாடி, சரக்கோடு ஏற அனுமதிக்கும் பேருந்து, கடையின் உரிமம் அவள் பெயரில். இவை இல்லாமல் எந்த விருதும் வேண்டாம், எந்த மேடையும் வேண்டாம்.

இதைப் படிக்கும் மாணவியே, நாளை உனக்கும் ஒரு வேலை கிடைக்கும், அது போகவும் கூடும். அன்று யாராவது உன் வாசலில் நின்று, "சொந்தமா எதனா பண்ணும்மா" என்றால், அன்பாகச் சொல்கிறவராகவே இருந்தாலும், உட்கார வைத்து மூன்று கேள்வி கேள். முதல் யாருடையது? நட்டம் வந்தால் யாருக்கு? என் வேலையை எடுத்தவன் எனக்குத் தர வேண்டியது எங்கே? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு மாவு அரைக்கலாமா, தைக்கலாமா, கடை போடலாமா என்று நீயே தீர்மானி. பதில் வராதவரை அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதே.